மாங்கூழ் ஃபேக்டரியில் விரல் போனது, எழுதிக் கொடுக்கவில்லை: இனி இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: எனக்குக் காரிமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். வயது 35. மேஸ்திரி மூலமாகக் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரிக்கு சீசன் வேலைக்குப் போனேன். நாள் கூலி 450 ரூபாய். ஆனி மாதம் கொட்டை நீக்கும் மிஷினில் சிக்கி, வலது கை ஆட்காட்டி விரலில் மேல் இரண்டு கணுவும் போய்விட்டன. சூப்பர்வைசரே தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து பில் கட்டினார். வீட்டுக் கதவில் நசுங்கியதாகச் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். பிறகு 25,000 ரூபாய் கொடுத்து ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று மாதம் ஆகிறது. கம்பெனிக்கு நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. இனி கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம் அம்மா. விபத்தை முடிந்தவரை சீக்கிரம் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், இரண்டு வருடத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்பது சட்டம். 1923ஆம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, ஆனால் இந்த இரண்டு வருடக் கணக்கு மாறவில்லை. முதலாளிக்கு வேறு வழியில் விபத்து தெரிந்திருந்தால், நீங்கள் எழுதிக் கொடுக்காததை வைத்து மனுவைத் தள்ள முடியாது. உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதே அவர்கள் சூப்பர்வைசர்தானே!

எனக்குக் கவலை அந்தக் கதவுதான். ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் 'கதவு' என்று ஏறியிருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போவது அந்தத் தாளைத்தான். டிஸ்சார்ஜ் சம்மரியையும் கேஸ் ஷீட் நகலையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். அப்புறம் கம்பெனிக்கும் மேஸ்திரிக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதுங்கள். வக்கீல் பாஷை வேண்டாம். பெயர், முகவரி, என்றைக்கு, எப்படி அடிபட்டது என்பதைச் சாதாரணமாகச் சொன்னாலே சட்டத்துக்குப் போதும். இப்படி: "இன்ன தேதி இரவு ஷிப்டில், கொட்டை நீக்கும் மிஷினில் சிக்கிய கொட்டையை எடுக்கும்போது என் விரல் நசுங்கியது. சூப்பர்வைசர் சொல்லச் சொன்னதால் ஆஸ்பத்திரியில் கதவு என்று சொன்னேன். அது உண்மையல்ல." கடைசி இரண்டு வரியை எழுதக் கூச்சப்படாதீர்கள். பொய்யை நாமே முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால் குறுக்கு விசாரணையில் அதற்குப் பாதி பலம்தான்.

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் ஒரு நகல் போகட்டும். கூட வேலை செய்தவர்கள், வேன் டிரைவர், பில் கட்டிய ஜிபே விவரம், அன்றைக்கு வாட்ஸ்அப்பில் வந்த படம் எல்லாம் சாட்சிதான். அந்தப் போனை மட்டும் விற்றுவிடாதீர்கள்.

"மிஷினை நிறுத்தாமல் நீதானே கையை விட்டாய்" என்பார்கள். அசட்டையாக இருந்தது இழப்பீட்டை மறுக்கக் காரணமாகாது. குடித்திருந்தால், வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறியிருந்தால், பாதுகாப்பு மூடியைக் கழற்றிப் போட்டிருந்தால்தான் சிக்கல். "மேஸ்திரியின் ஆள், எங்கள் ஆள் இல்லை" என்பதும் எடுபடாது. ஒப்பந்த ஆளுக்கும் ஃபேக்டரிதான் பொறுப்பு. கொடுத்ததை மேஸ்திரியிடம் வசூலிப்பது அவர்கள் பாடு. ஸ்டாம்ப் பேப்பரா? இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது.

சரி, எவ்வளவு வரும்? ஆட்காட்டி விரலில் இரண்டு கணு இழப்புக்கு 11 சதவீதம் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. மாதம் 26 நாள் வேலை என்றால் சம்பளம் 11,700. அதில் 60 சதவீதம் 7,020. அதை வயதுக்கேற்பச் சட்டம் வைத்திருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும், 35 வயதுக்கு அது 197.06. பெருக்கி 11 சதவீதம் எடுத்தால் சுமார் 1,52,000 ரூபாய். கைக்காசு போட்டுச் செய்த வைத்தியச் செலவு தனி. 25,000ஐக் கழிக்கச் சொல்வார்கள். கழித்தாலும் மிச்சம் எவ்வளவு பாருங்கள். எத்தனை கணு போனது என்று அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துச் சான்று வாங்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் சரிபாருங்கள். கூலியில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தார்களா? உங்கள் பெயரில் நம்பர் இருக்கிறதா என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலேயே விசாரியுங்கள், மேஸ்திரி வாய்ச்சொல் போதாது. இருந்தால் முதலாளி மீது இந்த மனு போட முடியாது. வேலைக்குப் போகாத நாளுக்குச் சுமார் 90 சதவீதக் கூலியும், விரலுக்கான மாதத் தொகையும் இ.எஸ்.ஐ.யில் கேட்க வேண்டும்.

இல்லை என்றால் தருமபுரியிலேயே ஆரம்பிக்கலாம். ஃபேக்டரி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய, இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் அதிகாரியிடம் மனு போடச் சட்டம் இடம் தருகிறது. தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை, இலவசம். கடிதம் அனுப்பிய ரசீதை மறக்காமல் எடுத்துப் போங்கள்.