மருந்துச் சீட்டில் ஒளிந்திருக்கும் லத்தீன்
மருந்தியல் பட்டயப் படிப்பில் சீட்டுச் சுருக்கங்கள் மண்டையில் ஏறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உருப்போடாதீர்கள், லத்தீனைப் பிரித்துப் பாருங்கள். 'டியே' என்றால் நாளில். 'பிஸ்' இருமுறை, 'டெர்' மும்முறை. பி.டி.யும் (நாளுக்கு இருமுறை) டி.டி.எஸ்.ஸும் (நாளுக்கு மும்முறை) இப்படித்தான் வந்தன. 'சிபும்' உணவு, ஆன்டே சிபும் (ஏ.சி.) சாப்பாட்டுக்கு முன், போஸ்ட் சிபும் (பி.சி.) பின். எஸ்.ஓ.எஸ். கப்பல் மூழ்கும்போது அனுப்பும் அபயக்குறி அல்ல. 'சி ஓபுஸ் சிட்', தேவைப்பட்டால் மட்டும். அவசர மருந்து என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்!

ஓ.டி.யில் மட்டும் கவனம். பொதுச் சீட்டில் அது 'ஒம்னி டியே', தினம் ஒருமுறை. கண் மருத்துவர் எழுதினால் 'ஓகுலுஸ் டெக்ஸ்டர்', வலது கண்ணாகவும் இருக்கலாம். சொட்டு மருந்துச் சீட்டில் சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.