கார்த்திகை மழையும் மேட்டு ரேடியோவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (கோத்தகிரி பக்கத்து வாசகர்): எங்கள் ஊருக்கு இன்டர்நெட் கேபிள் வராது. அதனால் டவுனுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மேட்டில் கம்பம் நட்டு இரண்டு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வைத்திருக்கிறோம். ஒன்று டவுனைப் பார்க்கும், இன்னொன்று ஊரைப் பார்க்கும். 250 வாட் சோலார் பேனல், 12 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி, பேனலிலிருந்து பேட்டரிக்கு சார்ஜ் போடும் எம்.பி.பி.டி கன்ட்ரோலர், சின்ன இன்வெர்ட்டர். ஏப்ரல், மே மாதங்களில் பிரச்சினையே இல்லை. ஐப்பசி மழை பிடித்தால் ராத்திரி 3 மணிக்கு லைன் போகிறது, காலை 10 மணிக்குத்தான் வருகிறது. 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியாக மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் இன்வெர்ட்டரைக் கழற்றுங்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு ரேடியோ சுமார் 8 வாட், இரண்டுக்கு 16, நடுவில் இரண்டையும் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கு 4, ஆக 20 வாட். ஆனால் பேட்டரியின் 12 வோல்ட்டை இன்வெர்ட்டர் 230 ஆக்குகிறது, அந்த 230-ஐ அடாப்டர் மறுபடி 24-க்கு இறக்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்கும், இன்வெர்ட்டர் சும்மா ஓடுவதற்கும் சேர்த்து 15 வாட் போய்விடும். 35 வாட், 24 மணி நேரம், அதாவது ஒரு நாளைக்கு 840 வாட்-ஹவர். உங்கள் பேனல் நல்ல வெயிலில், ஐந்து மணி நேர முழு வெயில் என்று வைத்து, முப்பது சதவீதம் நஷ்டம் கழித்தால் தருவது 875. கோடையில் ஏன் ஓடியது என்று புரிகிறதா? மயிரிழையில் ஓடியிருக்கிறது. மூடுபனியும் மழையுமாக இருக்கும் கார்த்திகையில் இரண்டு மணி நேர வெயில் கிடைத்தாலே பெரிது, அப்போது வருவது 350 தான். பேட்டரியை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதில் ஊற்ற மின்சாரம் இல்லையே!

இன்வெர்ட்டரை எடுத்துவிட்டு பேட்டரியிலிருந்து நேரடியாக டிசி-டிசி கன்வெர்ட்டர் (230-க்கு ஏற்றாமலே 12 வோல்ட்டை 24 ஆக்கும் சின்னப் பெட்டி) வழியே ரேடியோவுக்கு 24 வோல்ட் கொடுத்தால் மொத்தம் 22 வாட், ஒரு நாளைக்கு 530 வாட்-ஹவர் போதும். ஒரு பைசா பேனல் வாங்காமலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம்.

அப்புறம்தான் பேனலும் பேட்டரியும். இந்த மாதிரி நிலையத்துக்கு வருஷ சராசரியை வைத்துக் கணக்குப் போடவே கூடாது, வருஷத்திலேயே இருட்டான வாரத்துக்குப் போட வேண்டும். இன்னொரு 250 வாட் பேனல் சேர்த்தால் மோசமான நாளிலும் 700 வாட்-ஹவர் வரும், ரேடியோ தின்றது போக மீதி பேட்டரியை மெல்ல மேலே ஏற்றும். இரண்டையும் சீரிஸில், அதாவது வோல்டேஜ் கூடும்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, போடுவதாக இருந்தால் கன்ட்ரோலர் 100 வோல்ட் தாங்குமா என்று பாருங்கள், ஏனென்றால் குளிர்ந்த காலையில் பேனலின் வோல்டேஜ் லேபிளில் போட்டிருப்பதை விடவும் ஏறும். உங்களிடம் எம்.பி.பி.டி இருப்பது நல்லதாயிற்று, பேனலின் கூடுதல் வோல்டேஜை வீணாக்காமல் அது கரண்டாக மாற்றிவிடும். பேனலை பேட்டரியின் வோல்டேஜுக்கே இழுத்து இறக்கிவிடும் மலிவான பி.டபிள்யூ.எம் கன்ட்ரோலரில், 30 வோல்ட் பேனலை 12 வோல்ட் பேட்டரியோடு இணைத்தால் 250 வாட்டில் பாதிகூடக் கைக்கு வராது.

வெயிலே இல்லாமல் மூன்று நாள் தாங்க வேண்டுமென்றால் 1,590 வாட்-ஹவர் கையில் இருக்க வேண்டும். லெட் ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், ஆகவே அதன் இரண்டு மடங்கு: 12 வோல்ட் 150 ஆம்பியர்-ஹவர் இரண்டு, சீரிஸில் 24 வோல்ட்டாக. கடைக்காரர் சொன்ன சைஸ் சரிதான், எண்ணிக்கைதான் போதாது. லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் என்றால் 24 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் ஒன்றே போதும், மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் சுலபம். ஒரே எச்சரிக்கை, பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது. உங்கள் பக்கம் அது அபூர்வம், ஊட்டிப் பக்கத்துத் தலைக்குந்தா மாதிரி உறைபனி விழும் இடத்தில் பெட்டிக்குத் தெர்மோகோல் உறை போட்டுத்தான் ஆக வேண்டும்.

24 வோல்ட் பேட்டரி வந்துவிட்டது என்று ரேடியோவை அதிலேயே நேராகச் சொருகிவிடாதீர்கள். சார்ஜ் ஆகும்போது லெட் ஆசிட் 29 வோல்ட் வரை போகும், எல்லா ரேடியோவும் அதைத் தாங்காது. கன்வெர்ட்டர் அப்போதும் நடுவில் இருக்கட்டும். பேட்டரி முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸ், இடி விழும் மலையாதலால் கம்பத்துக்கு நல்ல எர்த், இவற்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நிழலையும் பாருங்கள். மே மாதம் நான் ஒரு எஸ்டேட்டில் பேனல் மாட்டிவிட்டு வந்தேன், அன்றைக்கு மேலே ஒரு நிழல் இல்லை. நவம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்தபோது ஒரு சில்வர் ஓக் மரத்தின் ஒற்றைக் கிளை காலை முழுவதும் பேனலின் ஒரு மூலையில் விழுந்தது. செல்கள் வரிசையாகக் கோத்தவை என்பதால் மூலையில் விழும் நிழல் அந்த மூலையோடு நிற்காது, பேனலின் பெரும்பகுதியையே முடக்கிவிடும். கிளையை வெட்டிய பிறகுதான் நிலையம் மழையிலும் நிற்காமல் ஓடியது.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): இப்படியெல்லாம் சோலாரில் ரேடியோ ஓட்டி நம் பக்கம் உண்மையிலேயே யாராவது செய்திருக்கிறார்களா?

பதில்: உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே செய்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்து ஆரம்பித்த கிராமத் தகவல் மையங்களில் வி.ஹெச்.எஃப் ரேடியோ (வாக்கி-டாக்கி மாதிரி) வழியாகத்தான் தகவல் போனது, கரண்ட் நிற்கும் ஊர்களில் சோலாரும் வைத்திருந்தார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயரம் ஒலிபெருக்கியில் போனது இந்த ஏற்பாட்டில்தான். அன்றைக்குப் பேனல் என்ன விலை விற்றது என்று நினைத்துப் பார்த்தால் அந்த வேலையின் மேல் எனக்கு இன்னும் மரியாதை கூடுகிறது.

கேள்வி (மதுரை, லைசென்ஸ் பெற்ற ஹாம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்): மலைக்குப் போய் 7 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது சோலாரை இணைத்தால் ரேடியோவில் ஒரே இரைச்சல். பேனல் கெட்டுப்போனதா?

பதில்: பேனல் பாவம், அது ஒன்றும் செய்யாது. இரைச்சல் கன்ட்ரோலரிலிருந்து வருகிறது, உள்ளே நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஸ்விட்ச் ஆகிக்கொண்டிருக்கிறது. பேனல் ஒயர் நீளமாக இருந்தால் அதுவே ஆன்டெனாவாகி அதைப் பரப்பும். இரண்டு ஒயரையும் முறுக்கிப் போடுங்கள், கன்ட்ரோலரின் இரு பக்கமும் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையத்தில் ஒயரை நாலைந்து சுற்று சுற்றுங்கள், ஆன்டெனாவைத் தள்ளி வையுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் பேசும் நேரத்தில் பேனலைக் கழற்றி வைத்துவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் விவசாயி): போர்வெல் தண்ணீர் மட்டத்தை வீட்டிலிருந்தே பார்க்க லோரா ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் சின்னத் தகவலைத் தூரத்துக்கு அனுப்புவது) வைத்தேன். சின்ன லித்தியம் செல், வருஷக்கணக்கில் வரும் என்றார்கள், பத்தே நாளில் தீர்ந்துவிட்டது. பெரிய பேனல் போடட்டுமா?

பதில்: வேண்டாம், அங்கேயும் கோத்தகிரிக் கதைதான். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒரு நொடி, 100 மில்லிஆம்பியரில் அனுப்பினால் ஒரு நாளைக்கு 3 மில்லிஆம்பியர்-ஹவர்கூட ஆகாது. 2,500 மில்லிஆம்பியர்-ஹவர் செல் அதைத் தாராளமாக ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கும். உங்கள் போர்டு தூங்கும் நேரத்திலும் 10 மில்லிஆம்பியர் தின்கிறது என்று நினைக்கிறேன், நாளைக்கு 240, பத்து நாளில் சரியாகக் காலி. எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் எல்.இ.டியையும், போர்டில் இருக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டரையும் முதலில் பாருங்கள், சென்சாருக்கு அளக்கும் நொடியில் மட்டும் கரண்ட் போகிறதா என்றும் பாருங்கள். மல்டிமீட்டரை செல்லோடு சீரிஸில் வைத்து, தூங்கும்போது எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.