ஏழு துண்டு டேப் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃப்ளாய்டின் 1973 இசைத்தொகுப்பு 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' உருவான விதம் பற்றிய 2003 ஆவணப்படத்தைப் பார்த்தேன். குழுவின் நால்வரும் தனித்தனியாக உட்கார்ந்து முப்பது வருஷத்துக்கு முந்தைய சமாசாரத்தைச் சொல்கிறார்கள். அதன்பின் பழைய பேட்டிகளைத் தேடிப் படித்தால் ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒட்டவில்லை. குறிப்பாக, தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங் சமயத்தில் சண்டை என்கிறார்கள், சண்டையே இல்லை என்கிறார்கள். யாரை நம்புவது?

இன்னொன்று. அதிலுள்ள 'மணி' (Money) பாட்டின் தொடக்கத்தில் வரும் காசு, கல்லாப்பெட்டிச் சத்தங்களைக் கணினியில் செய்து பார்த்தேன். ஏழு ஒலிகளையும் சம இடைவெளியில் கச்சிதமாகத்தான் வைத்தேன். ஆனாலும் நொண்டுகிறது. தப்பு எங்கே?

எம்.

அன்புள்ள எம்,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தீர்ந்தால் முதல் கேள்வியில் பாதி தானே தீரும்.

(பாட்டின் பெயரைத் தமிழில் எழுதினால் 'மணி' என்றுதான் வருகிறது. கல்லாப்பெட்டி மணியோடு தொடங்கும் பாட்டுக்கு அது பொருந்தாமலும் இல்லை.)

அந்தச் சத்தங்கள் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸின் வீட்டுத் தோட்டத்து ஷெட்டில் இருந்த சிறிய ஒலிக்கூடத்தில் தொடங்கியவை. மண்பாண்ட வேலைக்காக அவர் மனைவி ஜூடி வைத்திருந்த பெரிய கிண்ணத்தில் காசைக் கொட்டிப் பதிந்தார். டிரம்மர் நிக் மேசன் பழைய பென்னிக் காசுகளில் ஓட்டை போட்டு நூலில் கோத்துக் குலுக்கினார். காகிதம் கிழியும் ஒலி, கல்லாப்பெட்டி ஒலி எல்லாம் சேர்த்து, ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து அளந்து வெட்டி, வரிசையாக ஒட்டி, கடைசித் துண்டின் வாலை முதல் துண்டின் தலையோடு சேர்த்து வளையமாக்கினார்கள். டேப் லூப் என்பது இவ்வளவுதான்.

ஸ்கேல் எப்படித் தாளத்தை அளக்கும் என்றால், கணக்கு எளிது. டேப் விநாடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது, வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கு அரை விநாடி, அதாவது ஏழரை அங்குலம். ஏழு துண்டும் சேர்ந்தால் 52.5 அங்குலம். இந்த மொத்த நீளம்தான் பாட்டின் வேகம். எல்லாத் துண்டிலும் கால் அங்குலம் கூட்டினால் பாட்டு மெதுவாகும். இவ்வளவு நீள வளையம் கருவியின் ரீல்களில் உட்காராது. டேப்பிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் தாண்டி வெளியே வந்து, ஒரு மைக் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு திரும்ப உள்ளே போகும். ஸ்டாண்டைச் சற்று நகர்த்தித்தான் இழுவிசையைச் சரிசெய்ய வேண்டும். இழுவிசை அதிகமானால் சுருதி அலைபாயும், குறைந்தால் டேப் ஹெட்டை விட்டு விலகி ஒலி மங்கும்.

இப்போது உங்கள் நொண்டல். முதல் காரணம், நீங்கள் திரையில் தெரியும் அலையின் தொடக்கத்தைத் தட்டின்மேல் வைத்திருக்கிறீர்கள். காது தட்டை அங்கே கேட்பதில்லை. காகிதம் கிழிவது மெல்லத் தொடங்கிப் பிறகுதான் ஏறும், அந்த ஏற்றத்தைத்தான் காது தட்டாக எடுத்துக்கொள்ளும். கல்லாப்பெட்டியில் முதலில் நெம்புகோலின் 'கடக்', பிறகு மணி. இரண்டில் எது தட்டு என்று நீங்கள் முடிவுசெய்ய வேண்டும், கணினி செய்யாது. ஆகவே காகித ஒலியைத் திரையில் தட்டைக் குறிக்கும் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இழுங்கள். டேப்பில் வேலை செய்தவர்கள் ரீலைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து, ஒலி 'பிடிக்கிற' இடத்தைக் காதால் கண்டு, மெழுகுப் பென்சிலால் குறித்த பிறகுதான் ஸ்கேலை எடுப்பார்கள்.

இரண்டாவது காரணம் வால். ஒட்டிய டேப்பில் ஒரு துண்டு முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கியே ஆக வேண்டும். காசு இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே பிளேடு விழுந்துவிடும். அந்தத் திடீர் வெட்டில்தான் பாதித் தாளம் இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு ஒலியின் வாலையும் அடுத்ததன்மேல் படர விட்டிருப்பீர்கள், அதனால்தான் குழம்புகிறது. வாலை ஈவிரக்கமில்லாமல் நறுக்குங்கள். ஆனால் செங்குத்தாக நறுக்கினால் 'டிக்' என்று கேட்கும். டேப்பை 45 பாகையில் சாய்த்து வெட்டுவார்கள். கால் அங்குல டேப்பில் சாய்வெட்டு நீளவாக்கில் கால் அங்குலம் பிடிக்கும், அதாவது ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு, ஏறக்குறைய 17 மில்லிவிநாடி. அந்த நேரத்தில் ஒரு ஒலி தேய்ந்து இன்னொன்று ஏறும். கணினியிலும் அதே அளவு கிராஸ்ஃபேட் கொடுத்துப் பாருங்கள். (பிளேடில் காந்தம் ஏறியிருந்தால் எப்படி வெட்டினாலும் 'டிக்' வரும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.)

கொஞ்சம் பிசகு இருந்தால் இருக்கட்டும். லூப்பில் பிசகு கூடிக்கொண்டே போகாது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், அதே அளவில் வரும். மூன்றாம் சுற்றில் காது அதை நடை என்று ஏற்றுக்கொண்டுவிடும்.

ஏழு என்றதும் நம் கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு ஞாபகம் வரும். கையில் தகிட-தகதிமி போட்டுக்கொண்டு கேட்டால் வழுக்கிவிடுவீர்கள். இங்கே மூன்றும் நான்குமாகச் சாய்வு கிடையாது. லூப்பில் ஏழும் சம எடை. பேஸ் கிட்டாரில் இரண்டாவது தட்டு மட்டும் இரண்டாக உடைகிறது. குரல் நுழையும் கட்டத்தில் லூப் பின்வாங்கிவிடும். அதன்பிறகு இசைக்குழுவைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. வேகம் மெல்ல ஏறுவதை நீங்களே தட்டி அளக்கலாம்.

இனி உங்கள் முதல் கேள்வி. அந்த லூப்பை அவர்கள் செய்த விதம் பற்றி இப்போது நான் சொன்னதை அவர்களில் யாரும் மறுத்ததாக எனக்குத் தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள். கிண்ணம், காசு, ஸ்கேல், வெட்டு என்று கை செய்த வேலையைப் பற்றிய ஞாபகங்கள் பொதுவாக ஒத்துப்போகின்றன. யார் என்ன விரும்பினார், யார் யாரை எதிர்த்தார் என்று வரும்போதுதான் ஆளுக்கொரு கதை.

மிக்ஸிங் சண்டையை எடுத்துக்கொள்வோம். வாட்டர்ஸும் மேசனும் எதிரொலி இல்லாத வறண்ட, தெளிவான மிக்ஸ் கேட்டார்கள், கிட்டார் கலைஞர் டேவிட் கில்மரும் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டும் எதிரொலியில் ஊறிய மிக்ஸ் கேட்டார்கள், அதனால் வெளியாளாக இசைத் தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸை அழைத்து வந்தார்கள் என்பது வழக்கமான கதை. அந்தத் தாமஸே பின்னாளில் அப்படி ஒரு கருத்து வேறுபாட்டைத் தான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் வந்தது வேலை முடியும் தறுவாயில், 1973 தொடக்கத்தில். அதற்குமுன் மாதக்கணக்கில் லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் நடந்ததை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மற்றவர்களோ 1980களில் வாட்டர்ஸ் பிரிந்து வழக்கு வரை போன பிறகு பேசுகிறவர்கள். பின்னால் வந்த பகை முன்னால் நடந்ததற்கும் சாயம் பூசும்.

ஆகவே இசைத்தட்டையே கேட்டுவிடுவோம். 'மணி'யில் சாக்ஸஃபோன் முடிந்ததும் பாட்டு நான்கு தட்டுக்கு மாறுகிறது, கில்மரின் கிட்டார் தனி மூன்று சுற்று வருகிறது. முதல் சுற்றில் கிட்டார் எதிரொலியோடு அகன்று கேட்கும். இரண்டாவது சுற்றில் எல்லாம் சட்டென்று வற்றி, கிட்டார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கும். மூன்றாவதில் மறுபடி வெள்ளம். வறட்சி, எதிரொலி இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்றால் இன்னொன்றைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். அறையில் சண்டை நடந்ததா என்பதை இது சொல்லாது. நடந்திருந்தால் யாரும் தோற்கவில்லை என்பதைச் சொல்கிறது. இந்தக் கதையில் எனக்கு அக்கறையும் அவ்வளவுதான்.

ஞாபகத்துக்கு விலை வந்துவிட்டால் மட்டும் விஷயம் வேறு. அதே தொகுப்பின் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டில் சொல்லே இல்லாமல் பாடும் கிளேர் டோரியை, ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் சொல்லி, 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தார்கள். 'பேபி' என்பதுபோல வார்த்தை போட்டுப் பாடத் தொடங்கியவரிடம் வார்த்தை வேண்டாம் என்றார்கள். குரலை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு இரண்டு டேக், அதாவது இரண்டு முறை, முழுதாகப் பாடினார். மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டார், பாடியதையே திரும்பப் பாடுகிறோம் என்று தோன்றியதால். இசைத்தட்டில் இருப்பது அந்த டேக்குகளிலிருந்து தொகுத்தது. ஞாயிறு என்பதால் இரட்டைக் கூலி, 30 பவுண்டு. இதுவரை தகராறு இல்லை. அந்த மெட்டு ரைட் அமைத்த ஸ்வரக் கோர்வைகளுக்குள் (chords) டோரியே உண்டாக்கியதா என்ற கேள்வி எழுந்தபோது 2004இல் வழக்கானது. 2005இல் வெளியே சமரசம் செய்துகொண்டார்கள். அதன்பின் வரும் பிரதிகளில் ரைட் பெயரோடு டோரி பெயரும் இருக்கிறது. சமரசத் தொகையை வெளியிடவில்லை. பாட்டைக் கேட்டால் முப்பது வருஷம் எப்படி அவர் பெயர் விடுபட்டது என்றுதான் ஆச்சரியமாக இருக்கும்.

அடுத்த முறை அந்த ஆவணப்படத்தைப் பார்க்கும்போது, யாராவது மிக்ஸிங் மேசையில் ஒலியளவைக் கூட்டிக்குறைக்கும் ஒரு ஃபேடரைத் தூக்கி ஒரு தடத்தை மட்டும் கேட்கவைக்கும் இடங்களில் பேச்சை விட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள்.

உங்கள் லூப்புக்கு ஒரு யோசனை. நாளிதழைக் கிழிக்காதீர்கள், அதன் ஒலி நீளமாக இழுபடும். தடித்த காகிதத்தில் விளிம்பில் சிறிதாக வெட்டிவிட்டு, ஒரே இழுப்பில் கிழியுங்கள். காசை எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டால் கிண்ணமே மணியடித்துக்கொண்டிருக்கும். அடியில் ஒரு ஈரத்துணி வையுங்கள்.