முந்திரிக்கொத்து – கடிதம்

அன்புள்ள அக்கா,

கல்யாணமாகி திருப்பூரிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் தெருவில் உள்ள சி.எஸ்.ஐ. சபையின் பெண்கள் ஐக்கியத்தில் வரும் சனிக்கிழமை முந்திரிக்கொத்து என்ற பலகாரம் செய்து காட்டுகிறார்களாம். பக்கத்து வீட்டு அக்காவும் இரண்டு தோழிகளும் என்னையும் கூப்பிடுகிறார்கள். எனக்குத்தான் தயக்கம். நான் இந்து, அங்கே எப்படி நடந்துகொள்வது என்று தெரியாது. அப்புறம், எல்லாமே யூடியூபில் இருக்கும்போது இதற்காக ஒரு மதியம் முழுக்கப் போய் உட்கார வேண்டுமா? இன்னொன்றும் உறுத்துகிறது. பெண்கள் கூடினாலே சமையல்தானா? அடுப்படியைவிட்டு அவர்களை வெளியே விடக்கூடாது என்றுதான் சபைகளும் நினைக்கின்றனவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போய்விட்டு வாருங்கள். யூடியூப் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதே கேள்வியோடு நானும் இருந்தவள்.

வீடியோ பார்த்து இரண்டு தடவை முந்திரிக்கொத்து செய்தேன். இரண்டு தடவையும் உருண்டைகள் எண்ணெயில் பிளந்து, வாணலி முழுக்கப் பயற்றுமாவு கலங்கிவிட்டது. ஒரு கிலோ சிறுபயறு, கருப்பட்டி, தேங்காய், எள் எல்லாம் வீண். ‘பாகு கம்பிப் பதம் வந்ததும் இறக்கவும்’ என்று வீடியோவில் சொன்னார்கள். கருப்பட்டிப் பாகு அந்தப் பதத்தில் விரலுக்கு எப்படி இருக்கும் என்பதைத் திரையால் சொல்ல முடியவில்லை.

அந்த வருடம் டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சபையின் பெண்கள் ஐக்கியத்தில் இதைச் செய்து காட்டுகிறார்கள் என்று தோழி சொன்னாள். மூன்று பேராகப் போனோம். செய்து காட்டிய அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு டிசம்பரிலும் ஆர்டர் எடுத்து விற்கிறவர். முன்வரிசையில் மூன்று கிண்ணங்களில் தண்ணீர் வைக்கச் சொன்னார். பாகு கொதிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் முதல் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டார். அது கரைந்து பரவியது. சில நிமிடம் கழித்து இரண்டாவதில் விட்டார். அடியில் போய்த் தங்கியது, விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டது. உடனே முக்கால் பாகை எடுத்துப் பயற்றுமாவில் ஊற்றிவிட்டு, மிச்சத்தை அடுப்பிலேயே விட்டார். அதிலிருந்து மூன்றாவது கிண்ணத்தில் விழுந்த சொட்டை எடுத்துத் தட்டினால் டக்கென்று சத்தம் வந்தது. “தொட்டுப் பாருங்க மக்களே, பாத்தா போதாது” என்று மூன்று கிண்ணங்களையும் வரிசையாகக் கைமாற்றி அனுப்பினார். முதல் பாகில் பிடித்தால் உருண்டை எண்ணெயில் உடையும், மூன்றாவதில் பிடித்தால் பல் உடையும் என்றார். என் இரண்டு தோல்விக்கும் காரணம் முதல் கிண்ணத்தில் இருந்தது.

வேண்டுமென்றே கொஞ்சம் பாகைக் கெடுத்துக் காட்டினார், பாருங்கள். நல்லபடி வந்ததை மட்டும் காட்டுகிற வீடியோவில் அது கிடைக்காது. பிடித்த உருண்டை ஒரு ராத்திரி இருந்து இறுகியபிறகுதான் அரிசிமாவில் முக்க வேண்டும் என்பதால், முந்தின நாளே பிடித்த உருண்டைகளையும் ஒரு தூக்கில் கொண்டுவந்திருந்தார். மூன்று மூன்றாகச் சேர்த்து மாவில் முக்கிப் போட்டார். ஒன்றுகூடப் பிரியவில்லை. இதைத்தான் விற்றுப் பிழைக்கிறார், அதன் சூட்சுமத்தை அவ்வளவு பேர் முன்னால் வைத்துவிட்டார் என்று நினைத்தபோது எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

தோழிகளோடு போங்கள் என்று சொல்லவும் காரணம் உண்டு. ஒருத்தி அளவுகளை எழுதிக்கொண்டாள். இன்னொருத்தி தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது கூட்டினார், எப்போது குறைத்தார் என்பது அவளுக்குத்தான் தெரிந்தது. எனக்குப் பாகு. அடுத்த வாரம் மூவரும் ஒரே அடுப்பில் செய்தோம். உடையவில்லை. தனியாகப் போயிருந்தால் எனக்குப் பாகு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு கிடையாது என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. அந்தப் பழக்கத்தில்தான் திராட்சைக்கொத்துபோல் சேர்ந்திருப்பதற்கு இந்தப் பெயர். இந்துக்கள் வீட்டுக் கல்யாணத்திலும் தீபாவளியிலும் இதே பலகாரம்தான். அதனால் ‘அவர்கள் பலகாரம்’ கற்கப் போகிறோம் என்ற எண்ணமே வேண்டாம். தொடக்கத்தில் பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம் இருக்கும். எழுந்து நிற்கும்போது நீங்களும் நின்றால் போதும். காணிக்கைப் பை வந்தால் அப்படியே அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். எங்களோடு வந்த ஒரு தோழியும் இந்துதான், அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சரி, உங்களை உறுத்துகிற கேள்வி. அது நியாயமானது. ஆனால் இந்த ஊரில் சபை வளாகத்தில் பெண்கள் கூடிக் கைவேலை கற்றதற்கு இருநூறு வருட வரலாறு இருக்கிறது. 1820களில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அப்போது நாகர்கோவில் இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடிமைமுறை இருந்தது. லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். ஊசியும் நூலும் பெண்களை வீட்டுக்குள் வைக்கும் பொருட்கள் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அவர்களுக்கு அதுவே விடுதலைப் பத்திரம். நான் பார்த்த அந்த அம்மாவும் டிசம்பர் ஆர்டர் காசில்தான் மகளைப் படிக்கவைத்ததாகச் சொன்னார்.

உங்கள் கேள்வியில் நான் உடன்படுகிற இடமும் உண்டு. சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. அதன் முதல் பெண் பேராயராக புஷ்பலலிதா 2013இல்தான் ஆந்திராவின் நந்தியாலில் பொறுப்பேற்றார். இடையில் அறுபத்தாறு வருடங்கள். அத்தனை காலமும் பெண்கள் ஐக்கியம் உழைத்துக்கொண்டுதான் இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். சபையில் எல்லோருக்கும் விருந்து வைக்கும் அசனத்தில் பெரிய அண்டாக்களுக்கு முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஊருக்குச் சமைத்தால் ஆண், வீட்டுக்குச் சமைத்தால் பெண் என்ற கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே இந்த மாதிரி வகுப்புக்கு ஆண்களையும் கூப்பிட வேண்டும் என்பேன், அங்கேயும் சொன்னேன். அடுத்த முறை உங்கள் கணவரையும் கூட்டிப் போக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அதற்காக இந்தச் சனிக்கிழமையை விட்டுவிடாதீர்கள். முன்வரிசையில் உட்காருங்கள், பாகு கைமாறி வரும்போது தொட்டுப் பாருங்கள். கையில் தரும் கொத்தில் ஒன்றை மறுநாளைக்கு எடுத்து வையுங்கள், ஒரு நாள் இருந்தால் ருசி கூடும். நாங்கள் கற்றது கிலோ பயறுக்கு முக்கால் கிலோ கருப்பட்டி. உங்கள் தெருவில் என்ன கணக்கு என்று எழுதுங்கள்.