குடும்பப் பெயர் இல்லாவிட்டால் பரம்பரை இல்லையா?

கேள்வி: குடும்பப் பெயரைக் கேட்டாலே ஒருவருடைய பரம்பரை தெரிந்துவிடுகிறது. அந்தப் பழக்கம் இல்லாத நாட்டுக்காரர்கள் தங்கள் முன்னோரை மறந்துவிட்டவர்கள்தானே?

பதில்: இல்லவே இல்லை. இந்த நினைப்பால் பலருக்கு அவமானம் நேர்கிறது என்பதால் அழுத்தியே சொல்கிறேன்.

ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. யோன் என்பவரின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்தோத்திர். யோனின் மகன், யோனின் மகள், அவ்வளவுதான். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறாது. ஆகவே அப்பா, அம்மா, பையன், பெண் என்று ஒரே வீட்டில் நான்கு பேருக்கு நான்கு பின்பெயர்கள் இருக்கும். தொலைபேசிப் புத்தகத்தைக்கூட முதல் பெயரின் வரிசையில்தான் அச்சிட்டார்கள். சரி, இவர்களா முன்னோரை மறந்தவர்கள்? 1703-லேயே நாட்டு மக்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கணக்கெடுத்தார்கள். இன்றைக்கும் தங்கள் வம்சாவளியைப் பல தலைமுறைகளுக்குக் கணினியில் தேடிப் பார்க்கிறார்கள். உலகத்தில் இவ்வளவு தெளிவாக மூதாதையரைத் தெரிந்துவைத்திருக்கிற சமூகங்கள் மிகக் குறைவு.

இப்போது பிலிப்பைன்ஸுக்கு வாருங்கள். அங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு. அது வந்த கதையைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். கூடப்பிறந்தவர்களே ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். உறவே இல்லாத ஏராளமானோர் தெ லா க்ரூஸ், தெ லோஸ் சாந்தோஸ் என்று ஒரே பெயரில் இருந்தார்கள். வரிக்கணக்கு குழம்பியது. 1849-ல் ஸ்பானிய ஆளுநர் கிளவேரியா சுமார் 60,000 பெயர்களை அகரவரிசையில் அச்சிட்டு, மாகாணம் மாகாணமாக, ஊர் ஊராகப் பக்கங்களைப் பிரித்து அனுப்பினார். வந்த பக்கத்திலிருந்து குடும்பத் தலைவர் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஊருக்கே ஒரு எழுத்து அமைந்தது இப்படித்தான். அல்பாய் மாகாணத்து ஓவாஸில் 'ஆர்' எழுத்துப் பெயர்களாகவே இருப்பதற்கும் காரணம் அதுதான். இந்தப் பெயர்களில் எந்தப் பரம்பரையைத் தேடுவது?

மற்ற இடங்களிலும் அரசாங்கத்தின் கை இருக்கிறது. ஜப்பானில் சாதாரண மக்கள் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்ற உத்தரவு 1875-ல் வந்தது. தாய்லாந்தில் சட்டம் வந்தது 1913-ல், துருக்கியில் 1934-ல். துருக்கி அதிபராக இருந்த முஸ்தபா கெமாலுக்கு 'அதாதுர்க்' என்ற பெயரை நாடாளுமன்றம் கொடுத்ததும் அந்த 1934-ல்தான். கொரியாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கிம். அவர்கள் எல்லோரும் ஒரே வம்சம் இல்லை. எந்த ஊர்க் கிம் என்று கேட்டால்தான் கிளை தெரியும்.

குடும்பப் பெயர் ஒன்றுமே சொல்லாது என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலேயரின் ஸ்மித், ஜெர்மானியரின் ஷ்மிட், ஹங்கேரியரின் கோவாச் மூன்றும் இரும்படித்த ஒரு கொல்லரை நினைவில் வைத்திருக்கின்றன. அந்த ஒருவரைத்தான். அதே குடும்பத்தில் பெண் கொடுத்த வீடுகள், அம்மா வழிப் பாட்டிகள் யாரும் அந்தப் பெயரில் இல்லை.

அவமானம் என்றேனே, அது இதுதான். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த பர்மாவின் ஊ தாண்ட்டுக்குப் பெயர் 'தாண்ட்' மட்டுமே. 'ஊ' மரியாதைச் சொல். இந்தோனேசியாவின் சுகர்னோவுக்கும் ஒற்றைப் பெயர்தான். இப்படி ஒற்றைப் பெயர் உள்ளவர் அமெரிக்க விசா வாங்கினால், இருக்கிற பெயர் குடும்பப் பெயருக்கான இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அடித்துவிடுகிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். பெயர் தெரிந்த மனிதரைப் பெயர் தெரியாதவராக்கும் அந்தப் படிவத்தை முதலில் மாற்ற வேண்டும். முழுப் பெயர் எழுத ஒரே கட்டம் போதும்.