தோட்டத்து வீட்டுக்குத் துப்பாக்கி: புரோக்கரை நம்பலாமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் அப்பாவும் (71) அம்மாவும் தனியாக இருக்கிறார்கள். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். பல்லடம், சிவகிரி கொலைச் செய்திகளைப் படித்ததிலிருந்து நிம்மதி போய்விட்டது. என் பெயரில் பிஸ்டல் லைசென்ஸ் எடுத்துத் தோட்டத்தில் வைக்க நினைக்கிறேன். வெளிமாநில லைசென்ஸ், இந்தியா முழுக்கச் செல்லும், ஒரே மாதத்தில் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். இறந்துபோன தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிறது. திருடன் வந்தால் அப்பா சுடலாமா?

பதில்: முதல் வேலையாக, அந்த ஒருவருக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் போனது போகட்டும், மீதியைக் கொடுக்காதீர்கள்.

ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை வழங்கப்பட்ட 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் சி.பி.ஐ. விசாரணைக்குப் போயின. அந்த ஊர்ப் பக்கமே போகாதவர்கள் பெயரிலெல்லாம் லைசென்ஸ். கையெழுத்துப் போட்ட ஐ.ஏ.எஸ். அதிகாரியே கைதானார். புரோக்கர் கொண்டுவந்து கொடுக்கும் புத்தகத்தில் முத்திரை, போட்டோ, கையெழுத்து எல்லாம் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் இன்று எந்த லைசென்ஸானாலும் உள்துறை அமைச்சகத்தின் கணினித் தொகுப்பில் ஏறி, தனி அடையாள எண் வாங்கியிருக்க வேண்டும். அது போலி என்று தெரிந்துவிட்டால் உங்கள் கையில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கி. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. சிறைக்குப் போவது நீங்கள், புரோக்கர் இல்லை. அவர் அப்போது வேறு யாருக்காவது “இந்தியா முழுக்கச் செல்லும்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். தோட்டத்து வாசலைத் தாண்டாத துப்பாக்கிக்கு இந்தியா முழுக்க எதற்கு?

புரோக்கர்கள் இன்னொரு கதையும் விடுவார்கள்: “இத்தனை லட்சத்துக்குச் சொத்து காட்டினால்தான் கிடைக்கும், அதை நான் ஏற்பாடு செய்கிறேன்.” போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் லைசென்ஸை மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14-வது பிரிவிலேயே இருக்கிறது.

அடுத்தது, பிஸ்டல் ஆசையை விடுங்கள். சட்டம் எல்லாத் துப்பாக்கியையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. உட்பக்கம் வழவழப்பான, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள துப்பாக்கியைப் பாதுகாப்புக்காகக் கேட்டால், தகுதியில் குறை இல்லாத பட்சத்தில் தர வேண்டும் என்றுதான் 13-வது பிரிவு பேசுகிறது. பிஸ்டலுக்கு அப்படி இல்லை, அதிகாரிக்குத் திருப்தியான காரணம் காட்டியாக வேண்டும். நாட்டுப்புறத்தில் பெரியவர்கள் வைத்திருந்தது பெரும்பாலும் அந்த முதல் வகைதான். உங்கள் தாத்தாவுடையதும் அதுவாகத்தான் இருக்கும்.

லைசென்ஸ் உங்கள் பெயரில் என்பதும் சரிவராது. நீங்கள் சென்னையில், துப்பாக்கி தோட்டத்தில். உரிமத்தில் பெயர் இல்லாத அப்பா அதை வைத்திருந்தால் வழக்கு அப்பா மேல். யார் கையில் இருக்குமோ அவர் பெயரில்தான் எடுக்க வேண்டும்.

அதனால் தாத்தாவின் துப்பாக்கியைப் பார்ப்போம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் இந்த வழி இருப்பதே தெரியாமல் புதிதாக மனுப் போட்டு அலைகிறார்கள். 2016 ஆயுத விதிகளின் 25-வது விதி வாரிசுகளுக்கென்றே வைத்தது. லைசென்ஸ்தாரர் இறந்தால் சட்டப்படியான வாரிசுக்கு உரிமம் வழங்கலாம். வாரிசு தகுதியானவராக இருக்க வேண்டும், போலீஸ் அறிக்கையில் பாதகமாக எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அப்பா மனுச் செய்யட்டும். தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய லைசென்ஸ் புத்தகம், அத்தை சித்தப்பாக்களிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற பிரமாணப் பத்திரம். கடைசியில் சொன்னதுதான் இழுக்கும். பங்காளிகளுக்குள் நிலத்தகராறு இருந்தால் துப்பாக்கியும் அதில் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, லைசென்ஸ்தாரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தான் விரும்பும் வாரிசுக்கு மாற்றித் தரலாம். நீங்கள் ஊரோடு வந்துவிட்டால் அப்பாவிடமிருந்து அப்படியே உங்கள் பெயருக்கு வாங்கலாம்.

ஒப்படைத்த துப்பாக்கியைக் காலக்கெடுவுக்குள் மீட்காவிட்டால் அரசு பறிமுதல் செய்யலாம். அதனால் ஒப்படைத்தபோது கொடுத்த ரசீதைத் தேடி எடுங்கள். பீரோவில் பத்திரங்களுக்கு நடுவே இருக்கும்.

உங்கள் ஊருக்கு மனு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில். விதிப்படி போலீஸ் அறிக்கை 30 நாளில் வர வேண்டும், அது வந்த 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். வருமா? வராது. கோப்பு ஒரு மேசையில் உட்கார்ந்துவிடும், அந்த எழுத்தர் மாற்றலாகிப் போவார், வந்தவர் முதலிலிருந்து கேட்பார். புரோக்கருக்குச் சோறு போடுவதே இந்தத் தாமதம்தான். மனுவுக்கு ஒப்புகை வாங்கி, நினைவூட்டலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீடு உண்டு. “எங்கள் உரிமை” என்று மட்டும் வாதாடாதீர்கள். அமெரிக்கா போல ஆயுதம் வைத்திருப்பது இங்கே அடிப்படை உரிமை இல்லை, உச்ச நீதிமன்றமே 2023-ல் அதைச் சொல்லிவிட்டது.

சரி, அப்பா சுடலாமா? இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பைப் பற்றியவை. உயிர் போய்விடும், படுகாயம் ஏற்படும் என்று நியாயமாகப் பயப்படும்படி தாக்க வந்தால், எதிராளி செத்தாலும் குற்றமில்லை. கொள்ளையும், இருட்டிய பின் கதவை உடைத்து வீடு புகுவதும் இதில் சேரும். ஆனால் தேவைக்கு மேல் போகக் கூடாது. ஆட்டைப் பிடித்துக்கொண்டு வேலி தாண்டி ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அப்பாதான் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். தற்காப்பு என்று காட்ட வேண்டிய பொறுப்பும் அவருடையது. முழுவதும் நிரூபிக்க வேண்டாம், நம்பும்படி இருந்தால் போதும். அதற்குள் வருடங்கள் ஓடிவிடும்.

71 வயதில், நடுராத்திரியில் நாய் குரைக்கும்போது, கண்ணாடியைத் தேடி, பூட்டைத் திறந்து, தோட்டா போட எத்தனை நிமிடம் ஆகும் என்று அப்பாவிடமே கேளுங்கள். லைசென்ஸ் வரும்வரை, ஏன், வந்த பிறகும், வாசலிலும் கிணற்றடியிலும் விளக்கு, உள்ளிருந்தே வெளியே பார்க்கிற கேமரா, தாழ்ப்பாள் உறுதியான கதவு, அம்மாவின் போனில் ‘காவல் உதவி’ செயலி, அவசர உதவி எண் 112. வேலியில் மட்டும் மின்சாரம் பாய்ச்சிவிடாதீர்கள், அதில் முதலில் சிக்குவது பால்காரராக இருக்கும்.