‘ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே’ – கடிதம்

அன்புள்ள அக்கா,

சேலம் கிச்சிப்பாளையத்தில் பிறந்தவன் நான். இங்கிலாந்தில், லெஸ்டரில் 17 வருடமாக இருக்கிறேன். வயது 57. எட்டு வருடமாகச் சர்க்கரை உண்டு. போன டிசம்பரில் ஊருக்கு வந்தபோது வலது கண்ணில் புரை ஆபரேஷன் செய்துகொண்டேன். இங்கே என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 16-ஆம் நாள் விமானம் ஏறிவிட்டேன். சிவப்பு போய்விட்டதால் சொட்டு மருந்தையும் அதோடு நிறுத்திவிட்டேன். நான்கைந்து மாதம் பளிச்சென்று தெரிந்தது. இப்போது அந்தக் கண்ணில் புகை படிந்த மாதிரி இருக்கிறது. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறுகிறது.

இங்கே டாக்டரிடம் போகத் தயக்கமாக இருக்கிறது, இந்தியாவில் ஏன் செய்தீர்கள் என்று கேட்பார்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் கண் படம் எடுக்க வரச்சொல்லி ஒரு கடிதம் வந்தது. ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே என்று போகவில்லை. காகிதங்கள் எல்லாம் ஊரில், அம்மா வீட்டில். மறுபடியும் புரை வந்துவிட்டதா? விமானத்தில் பறந்ததால் இருக்குமா? டிசம்பரில் ஊருக்கு வரும்வரை தாங்குமா? அதுவரை நந்தியாவட்டைப் பூ, பொன்னாங்கண்ணி ஏதாவது உதவுமா? இடது கண்ணையும் அப்போதே முடித்துவிடலாம் என்றிருக்கிறேன். பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

போன வாரம் பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் துணையாக ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் வரிசையில் ஒரு பெரியவர், ஏற்காட்டு மலைக்காரர். விடியற்காலைப் பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறார். தோளில் கம்பளித் துண்டு, கையில் மஞ்சள் பை. பதிவு செய்யும் பெண் கேட்டாள்: “முன்னாடி ஆபரேஷன் பண்ணீங்களா தாத்தா?” “பண்ணியாச்சு.” “எந்த ஆஸ்பத்திரி? எந்த வருஷம்? சீட்டு இருக்குதா?” பெரியவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு ஆள்காட்டி விரலால் கண்ணின் கீழ் இமையை இழுத்துக் காட்டி, “இங்கதான சாமி வெச்சாங்க, பாத்துக்கயேன்” என்றார். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. எழுந்து வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

அவரை நினைத்துக்கொண்டே இருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உங்களுக்கு என்ன வந்தது?

முதலில் சின்னக் கேள்விகள். விமானத்தில் பறந்ததால் இது வரவில்லை. விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு நிரப்புவார்கள், அவர்கள்தான் பறக்கக் கூடாது. புரை ஆபரேஷனில் அது கிடையாது. பொன்னாங்கண்ணியைப் பருப்புப் போட்டுக் கடைந்து சாப்பிடுங்கள், நல்ல கீரை, அவ்வளவுதான். நந்தியாவட்டை செடியிலேயே இருக்கட்டும். ஆபரேஷன் ஆன கண்ணில் பூ, பால், தேன், எண்ணெய் எதையும் வைக்காதீர்கள். இதை இரண்டாம் முறை சொல்ல மாட்டேன்.

புரை திரும்ப வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்த புரை திரும்ப வராது. கண்ணில் நம் இயற்கை லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. அந்தப் பையின் முன்பக்கத்தைத் திறந்து, வெளுத்துப்போன லென்ஸை எடுத்துவிட்டு, அதே பைக்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். பையின் பின்சவ்வை விட்டுவைக்கிறார்கள். ஓரத்தில் மிச்சமிருக்கும் செல்கள் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் பரவி அந்தச் சவ்வை மங்கலாக்கிவிடும். செய்தவர் தவறும் இல்லை, செய்த ஊரின் தவறும் இல்லை. யாக் லேசரால் சவ்வின் நடுவில் ஒரு சின்னத் திறப்பு போட்டுவிடுவார்கள். எனக்கு இடது கண்ணில் ஆபரேஷன் ஆகி இரண்டாம் வருடம் அது நடந்தது. கண் பாப்பாவை விரிக்க மருந்து விட்டு, இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொன்னார்கள். சிட்டிகை போட்டது போல ‘டக் டக்’ என்று சத்தம். சில நிமிடம்தான், ஊசி இல்லை, கத்தி இல்லை. கொஞ்ச நேரம் உட்காரவைத்துக் கண் அழுத்தம் பார்த்து அனுப்பிவிட்டார்கள். நான்கைந்து நாள் கண்முன் கொசு பறந்தது போல இருந்தது, அப்புறம் இல்லை.

ஆனால் உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கண் மங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. விழித்திரையின் நடுவில் நீர் கோத்துக்கொள்ளலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது கூடுதல். கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். சர்க்கரையே விழித்திரையைக் கெடுத்திருக்கலாம். இவை எல்லாமே வெளியிலிருந்து ‘புகை படிந்த மாதிரி’தான் தெரியும். உள்ளே பார்த்தால்தான் எது என்று தெரியும். உள்ளே பார்க்கத்தான் அந்த ஊர்க்காரர்கள் உங்களைக் கடிதம் போட்டுக் கூப்பிட்டார்கள், காசு வாங்காமல். நீங்கள் போகவில்லை. படித்தபோது எனக்குக் கோபம் வந்தது தம்பி. இப்போதும் இருக்கிறது.

என் அம்மாயியை, அம்மாவைப் பெற்றவளைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மாயி ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவள். இரண்டு கண்ணிலும் புரை முற்றிய பிறகும் பறித்துக்கொண்டுதான் இருந்தாள். பழுத்ததா காயா என்று கட்டைவிரலால் அழுத்தியே கண்டுபிடிப்பாள். ஒரு கூடைக்கு நாலு காய் வந்தால் அதிகம். 1978 ஐப்பசியில் சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். எனக்கு 12 வயது. சேலம் குகைப் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் சோறு கொண்டுபோவேன். வகுப்பறையில் பெஞ்சுகளை வெளியே அடுக்கிவிட்டு வரிசையாகப் பாய். தலை அசையக் கூடாது என்று இரண்டு பக்கமும் மணல் பை. “கரும்பலகை எந்தப் பக்கம் இருக்குது கண்ணு?” என்று கட்டுக்குள்ளிருந்து கேட்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் படுத்த நாள்தான் உண்டு, படித்த நாள் இல்லை.

அந்தக் காலத்து முகாம்களில் கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது கிடையாது. புரையைப் பையோடு மொத்தமாக எடுத்துவிட்டு, வெளியே போட்டுக்கொள்ளத் தற்காலிகமாக ஒரு தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். பவர் 10 இருக்கும். அதைப் போட்டால் உலகம் பெரிதாகி நெருங்கி வந்துவிடும். அம்மாயி டம்ளரை எடுக்கக் கை நீட்டுவாள், டம்ளர் ஒரு சாண் தள்ளி இருக்கும். வாசற்படி இறங்க உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவாள். ஆனாலும் பார்த்தாள். அந்தக் கண்ணாடியைக் கழற்றினால் தண்ணீருக்குள் முழித்தது போல வெளிச்சம் மட்டும்தான்.

முகாமில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதை அவளுக்கு வாசித்துக் காட்டியவள் நான். ‘40 நாள் கழித்து மறுபரிசோதனைக்கு வரவும். அளவுக் கண்ணாடி அப்போது வழங்கப்படும்.’ அவள் அதை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் புகையிலையோடு வைத்துக்கொண்டு மலையேறினாள். 40-ஆம் நாள் மார்கழி, பழம் பறிக்கும் காலம், ஒரு நாள் கூலி போகும். 20 கொண்டை ஊசி வளைவும் அவளுக்கு வாந்தி. வரவில்லை. எங்களுக்கும் ஞாபகம் இல்லை. அந்தக் கோடையில் மாட்டுத் தொட்டி பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். கண்ணாடி உடைந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஒன்றும் தெரியாமல் இருந்தாள். என்னவென்று கேட்டவர்களிடம் என் அம்மா சொன்னது, மாமா சொன்னது, தோட்டத்து மேஸ்திரி சொன்னது எல்லாம் நீங்கள் எழுதிய அதே வார்த்தைதான். ஆபரேஷன்தான் முடிஞ்சுதே. இனிமேல் என்ன இருக்கிறது, வயசாகிவிட்டது, கொடுத்துவைத்தது அவ்வளவுதான். அவளும் நம்பினாள்.

1981-ல், தை மாதம், காலில் புண் என்று பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தோம். கட்டுப் போட்ட நர்சம்மா நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, “கண்ணாடி எங்க பாட்டி?” என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அதுவரை வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

சுருக்குப்பையில் சீட்டைத் தேடினோம். புகையிலைச் சாறில் ஊறி மாவாகியிருந்தது. முதல் அக்ரகாரம் தெருவில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனோம். கடைக்காரர் எந்த வருடம், என்ன நம்பர் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. மனிதர் பொறுமையாக ஒரு வட்ட இரும்புச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, பெட்டியிலிருந்து ஒவ்வொரு சில்லாகப் போட்டுப் போட்டு எடுத்தார். ஏழோ எட்டோ ஆகியிருக்கும். ஒரு சில்லு போட்டதும் அம்மாயி சும்மா இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, காதில் கை வைத்தாள். “தோடு எங்க கண்ணு?” என்றாள். என் தோட்டை அம்மா அடகு வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. துளை தூராமல் இருக்க வேப்பங்குச்சி சொருகியிருந்தேன். எட்டு மாதமாக என் தலையைத் தடவிக்கொண்டிருந்தவளுக்கு அது தெரியாது. அம்மா கடைத் திண்ணையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அதனால்தான் தம்பி, ‘முடிந்துவிட்டது’ என்ற வார்த்தையைக் கண் விஷயத்தில் யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. மேஜையிலிருந்து இறக்கிய நிமிடத்தில் முடிவது டாக்டரின் வேலையில் ஒரு பங்குதான். வாரம் ஒன்றாகக் குறைத்துக்கொண்டே ஒன்றரை மாதம் விடச்சொன்ன சொட்டு மருந்து ஆபரேஷனில் ஒரு பகுதி. சிவப்பு போனது வெளியே. உள்ளே புண் ஆறுவது நம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்துப் பார்ப்பது ஒரு பகுதி. காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பதும் ஒரு பகுதி. நாம் கல்யாணப் பத்திரிகையை 30 வருடம் வைத்திருக்கிறோம். டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டுக்கு வந்த அன்றே எங்கே வைத்தோம் என்று மறந்துவிடுகிறோம். அதில் எந்தக் கண், எந்தத் தேதி, என்ன லென்ஸ், என்ன பவர், கண்ணின் நீளம் எவ்வளவு, எல்லாம் இருக்கும். லென்ஸ் பெட்டியிலிருந்து ஒட்டிய ஸ்டிக்கரோடு ஓர் அட்டையும் இருக்கும். எல்லாம் ஆங்கிலத்தில்தான். லெஸ்டரில் எந்தக் கண் டாக்டரும் ஒரு நிமிடத்தில் படித்துக்கொள்வார். உங்கள் இடது கண்ணுக்கு யார் லென்ஸ் வைத்தாலும் வலது கண்ணில் வைத்தது என்ன, அது எப்படி அமைந்தது என்று பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

இந்தியாவில் செய்ததற்கு வெட்கமா? கண்ணுக்குள் லென்ஸ் வைப்பதை முதலில் செய்தவர் லண்டனில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் இருந்த ஹெரால்டு ரிட்லி, 1949-ல். போர் விமானிகளின் கண்ணில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துண்டு தெறித்து உள்ளேயே தங்கியும் சீழ் பிடிக்காததைக் கவனித்தவர் அவர். அதே லென்ஸை ஏழைக்கும் எட்டும் விலையில் 1992-லிருந்து மதுரையில் ஆரோலேப் நிறுவனம் செய்கிறது. லண்டனில் தொடங்கி மதுரை வழியாக உங்கள் கண்ணுக்கு வந்த வித்தை அது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? நீங்கள் சொல்லாமல் விட்டால், பார்க்கிற டாக்டர் பாதி தகவலோடு பார்ப்பார். நஷ்டம் உங்கள் கண்ணுக்கு.

டிசம்பர் வரை தாங்குமா என்றீர்கள். காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே பக்கத்துக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்டிடம் போங்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு உங்கள் ஊரில் அந்தப் பரிசோதனை இலவசம். சேலத்தில் ஆபரேஷன் ஆனது, 16-ஆம் நாளே சொட்டு மருந்தை நிறுத்தியது, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தேவையென்றால் ஆஸ்பத்திரிக்கு அவரே எழுதிக் கொடுப்பார். தவறவிட்ட கண் படத்துக்குப் போன் செய்து வேறு தேதி வாங்குங்கள். கண் வலித்தாலோ சிவந்தாலோ, திடீரென்று மின்னல் அடித்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாகக் கொட்டினாலோ, ஒரு பக்கம் திரை விழுந்தது போல இருந்தாலோ அன்றைக்கே கண் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அது இரவாக இருந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உங்கள் ஊர் மருத்துவ உதவி எண் 111-ஐக் கூப்பிடுங்கள்.

இடது கண்ணை எங்கே செய்வது என்பது உங்கள் வசதி. சேலத்தில் என்றால் ஒன்றரை மாதம் லீவு போட்டுவிட்டு வாருங்கள், 16 நாள் கணக்கோடு வராதீர்கள்.

கிச்சிப்பாளையத்தில் அம்மாவோடு யார் இருக்கிறார்கள் என்று எழுதவில்லை. யாராக இருந்தாலும் இன்றைக்கே போன் போட்டு, பீரோவில் அந்த ஃபைலைத் தேடி ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லென்ஸ் அட்டையை இரண்டு பக்கமும் எடுக்கச் சொல்லுங்கள். கிடைத்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள். அப்படியே அம்மா கடைசியாக எப்போது கண் காட்டினார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா